படகுத்துறையைத் தாண்டாத நாலு பேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் கைகால் சுகத்தோடு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்தி, தூக்கம் கெடாமல் இருப்பாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு இப்போது காகிதத்தைத் தூக்கினார் என்று நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் உன் அம்மா ஒரு காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருப்பாள், உன் பெண் குண்டூசி என் மடியிலேயே ஏறி உட்கார்ந்திருப்பாள், மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே உம் கொட்டுவார். இது அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் பூங்காவின் சாமான் அறையில், கழற்றி வைத்த ஊஞ்சல் பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன். மேலே சங்கிலிகள் தொங்குகின்றன, எண்ணெய் வாடை அடிக்கிறது, வெளியே தூறல் விட்டபாடில்லை. ஒரு வரி எழுதினால் எழுந்து போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். யாரும் வரவில்லை, மழையில் யார் வரப்போகிறார்கள், இருந்தும் கால் நிற்க மாட்டேன் என்கிறது. கையெழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம், உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டது என்னவோ சின்னக் கேள்விதான். உன்னோடு வேலை பார்க்கிற பெண் லீவில் வந்தபோது அவள் கையில் அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொடுத்தனுப்பினாய். அப்பா, உள்ள ஒரே ஒரு விளையாட்டுதான் இருக்கு, கதை மாதிரி போகுமாம், நாமளே அதுல ஒரு ஆளா இருந்து ஊர் ஊராப் போகணுமாம், குண்டூசிக்குச் சரிப்படுமான்னு நீங்க பாத்துட்டு அப்புறம் கொடுங்க என்றாய். என் தொழில் புத்தி உனக்குத் தெரியாததா. நகராட்சிப் பூங்காக்களில் சறுக்குமரத்தையும் ஊஞ்சலையும் கட்டி மேய்க்கிறவனிடம் போய்ப் பிள்ளைகள் விளையாட்டைப் பற்றிக் கேட்டால், அவன் பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவானா. பெட்டியில் ஏழு வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருந்தது. ஒவ்வொரு சறுக்குமரமும் இப்படி ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டுதான் வந்து இறங்குகிறது. நான் முதலில் மணல் மூட்டையை உருட்டிவிடுவேன், பிறகு ஓரம் முழுக்கக் கையால் தடவுவேன், ஆணித் தலை எங்காவது துருத்துகிறதா, பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற இடைவெளி எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பேன், கடைசியில் இந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு நானே ஏறிச் சறுக்குவேன். தெருப் பிள்ளைகள் எனக்குச் சறுக்கு சார் என்று பேர் வைத்ததும் அதனால்தான். அது மாதிரி இதையும் நானே ஏறிப் பார்ப்பது என்று முடிவு பண்ணினேன்.

பூங்கா வேலை காலையும் சாயங்காலமும்தானே, மத்தியானம் வீட்டில் நான் சும்மா இருப்பதுதான் வழக்கம். குண்டூசி பள்ளிக்கூடம் போனதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவேன். முதல் நாள் அந்தப் பொத்தான்கள் என் கட்டை விரலுக்கு அடியில் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன என்றே தெரியவில்லை. முன்னால் போ என்றால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, பேசு என்றால் வாளை உருவுகிறது. உன் அம்மா துணி மடித்துக்கொண்டே இதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு வந்த சாமானை வச்சுக்கிட்டு இந்த மனுஷன் அடிக்கிற கூத்த யாருகிட்ட சொல்லி அழறது என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள். கேட்டவள் போகவும் இல்லை, அங்கேயே நின்று, இடது பக்கம் போங்க, அந்த வீட்டுக்குள்ள போங்க என்று எனக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கதை இதுதான். ஒரு நாட்டில் கலங்கரை விளக்கங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்து போகின்றன, கப்பல்கள் வழி தெரியாமல் நிற்கின்றன, நாலு பேர் ஒரு கழுதையையும் ஓட்டிக்கொண்டு விளக்கு விளக்காக நெருப்பை எடுத்துப் போய் ஏற்ற வேண்டும். ஒருத்தர் வாள்காரர், ஒருத்தர் கேடயம் பிடிக்கிறவர், ஒருத்தர் வில்லாளி, ஒருத்தி மருந்துப் பை வைத்திருக்கிற வைத்தியக்காரி. வழியில் பனிமூட்டத்திலிருந்து நாய் மாதிரியும் காளான் மாதிரியும் ஏதேதோ வந்து மறிக்கும், சண்டை போட வேண்டும்.

சண்டை என்றதும் நீ பதறாதே, நானும் முதலில் பதறினேன். ஆனால் அதில் ரத்தம் இல்லை, அடிபட்டது புகையாகிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், அங்கே யாரும் பாய்ந்து அடித்துக்கொள்வதில்லை, நம் முறை வரும்வரை எதிரியும் காத்துக்கொண்டு நிற்கிறான். நம் ஊஞ்சல் பக்கம் வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு இருந்தால் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதே இல்லை. எனக்கு வேறு இடத்தில்தான் உறுத்தியது. இந்த நாலு பேரும் போகிற ஊரில் எல்லாம் யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பெட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறார்கள், வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று இன்று நல்ல வெயில் என்கிறார். இது பச்சைத் திருட்டு இல்லையா. இதைக் குண்டூசியிடம் கேட்டதற்கு, தாத்தா, அவங்க அதை நமக்காகத்தான் வச்சிருக்காங்க, இல்லன்னா பூட்டியிருப்பாங்கல்ல என்றாள். மறுநாள் சாயங்காலம் உன் அம்மாவின் பீரோவில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்கும் அதே நியாயத்தைச் சொன்னாள். அதற்கு வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டாள், அத்தோடு அந்த விவகாரம் தீர்ந்தது. ஒரு ஊரில் சூதாட்டக் கூடம் ஒன்று இருக்கிறது, அங்கே நான் போய்க் கையில் இருந்த பொய்க் காசை எல்லாம் தொலைத்துவிட்டு வந்தேன், அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வெளி ஆட்கள் யாரும் அதன் வழியாக அவளோடு பேச முடியாது, நிஜப் பணம் கேட்கிற கடையும் உள்ளே இல்லை, மாப்பிள்ளை எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டார். மாடியில் டியூஷன் எடுக்கிற டீச்சர் மட்டும் கண்ணு போயிடும் சார், படிப்பு போயிடும் சார், இதெல்லாம் பிள்ளைங்கள ஒரே எடத்துல கட்டிப் போட்டுடும் என்று படியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டம் பாடுவார். ஒரே இடத்தில் கட்டிப் போட்டுவிடும் என்று அவர் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டுக் குண்டூசி கையில் கொடுத்தேன். கட்டுப்பாடெல்லாம் போட்டேன், வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, கூடத்தில் எல்லோர் கண் முன்னால், சாப்பாடு தயார் என்றால் உடனே மூடிவிட வேண்டும். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. முதல் வேலையாக நாலு பேருக்கும் பேர் வைக்க உட்கார்ந்தாள். வாள் பிடிக்கிறவருக்குப் பாட்டி என்று வைத்தாள், சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, இன்று வரை தினமும் கரண்டியோடு வந்து, நான் இன்னிக்கு யாரை வெட்டினேன் என்று கேட்காமல் தூங்குவதில்லை. முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்கிற, மெதுவாக நடக்கிற கேடயக்காரர் நான். வில்லாளி அவளே. வைத்தியக்காரி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளை அங்கி போட்டு நிற்கிறது அந்தப் பொம்மை, நீ அங்கே ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் நிற்கிற போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்படியே அம்மா என்றாள். மாப்பிள்ளை, ஏம்மா நான் எங்க என்று கேட்டார். நாலு இடமும் நிரம்பிவிட்டது, பாவம், கழுதைக்கும் ஒரு பேர் வைக்கலாம் என்று அந்த விளையாட்டே கேட்டது. பார்சல் வண்டி ஓட்டுகிறவருக்குப் பொருத்தமான வேலைதான் என்று அவரே சிரித்துவிட்டார். அன்றைக்கு வீடு கொஞ்ச நேரம் வீடாக இருந்தது. நீ போன பிறகு அப்படி எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கருவியில் அவரவர் விளையாட்டைத் தனித்தனியாகச் சேமித்து வைக்கலாம். அவள் வைத்த பேர்களையே நானும் எடுத்துக்கொண்டு என் பாட்டுக்கு மத்தியானத்தில் தொடர்ந்தேன், பாதி ஏறிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்கிற பழக்கம் எனக்கில்லையே. சாயங்காலம் அவள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பேன். அம்மாவை எப்போதும் பின் வரிசையில்தான் நிறுத்துவாள், ஒரு அடி கூட அம்மா மேல் விழக் கூடாது, அதற்காகத் தாத்தா எத்தனை தடவை விழுந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. யாராவது விழுந்தால் அம்மா கையை நீட்டுவாள், பச்சையாக ஒரு வெளிச்சம் வரும், விழுந்தவர் எழுந்து நிற்பார். அப்போது குண்டூசி முகத்தில் வருகிற நிம்மதியை உனக்குப் படம் பிடித்து அனுப்பலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. இவள் தினமும் விளையாடுகிறாள், கதை மட்டும் நகரவே இல்லை. ஆற்றங்கரையில் ஒரு ஊர், அங்கே ஒரு படகுத்துறை, படகுக்காரன் ஏறுகிறீர்களா என்று கேட்பான், இவள் இல்லை என்பாள், திரும்பிப் போய்ப் பக்கத்துப் புல்வெளியில் அந்தக் காளான்களையே அடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஆட்கள் எல்லாம் யானை பலத்தோடு நிற்கிறார்கள், ஆனால் நிற்கிற இடம் அதே இடம். பொத்தான் தெரியாமல் தடுமாறின நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். சரி, குழந்தை மந்தமாக இருக்கிறாள் போலிருக்கிறது, இங்கிலீஷ் படிக்கத் தடுமாறுகிறாள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். குண்டூசி மந்தமா என்று நீ சண்டைக்கு வருவாய், வா, எனக்கு வேண்டியதுதான்.

நான் அவளைத் தாண்டின வாரத்தில், ஒரு மத்தியானம் படகில் ஏறினேன். ஏறுவதற்கு முன் வைத்தியக்காரி நின்றுவிடுகிறாள். அந்த ஊரில் ஜ்வரம் பரவியிருக்கிறது, வீட்டுக்கு வீடு படுத்திருக்கிறார்கள், நான் வரவில்லை, இவர்களை விட்டுவிட்டு என்னால் வர முடியாது, நீங்கள் விளக்கை ஏற்றப் போங்கள் என்கிறாள். மருந்துப் பையைக் கழற்றி வில்லாளியின் தோளில் மாட்டிவிடுகிறாள். படகு நகர்கிறது, கரையில் அந்த வெள்ளைப் பொம்மை கையைக்கூட ஆட்டாமல் நின்றுகொண்டிருக்கிறது, திரையில் அம்மா என்று அதன் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. அறுபதைத் தொடப்போகிற ஆள், ஒரு பொம்மை கரையில் நின்றதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஊரில் இருப்பாளோ என்று தேடினேன், அதற்கடுத்த ஊரிலும் தேடினேன், எங்கேயும் இல்லை. கடைசி விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கடல் பூதம் என்னை விட மாட்டேன் என்கிறது, அதனால் முடிவில் வருகிறாளா என்று இன்று வரை தெரியாது. இத்தனை நாள் தடவித் தடவிப் பார்த்ததற்கு அங்கேதான் கையில் ஆணி குத்தியது.

அதே வாரம்தான் நீ இந்தச் சாமான் அறைப் போனுக்கே கூப்பிட்டாய். இங்க இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்றாங்கப்பா, பிரிவையே என் பொறுப்புல கொடுக்கறாங்க, நான் சரின்னு சொல்லலாம்னு இருக்கேன், ஆனா குண்டூசிகிட்ட இப்ப சொல்ல வேணாம், பரீட்சை நேரம், அடுத்த லீவுக்கு வருவேன்னே சொல்லி வைங்க என்றாய். நான் சரிம்மா என்றேன். வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன், அவளும் ஆமாம், குழந்தை மனச எதுக்குக் கலைக்கணும், வந்துடுவா வந்துடுவான்னு சொல்லிட்டே இருந்தா நாள் ஓடிடும் என்றாள். எனக்கு ஓடவில்லை. படுத்தால் புரண்டேன், பூங்காவுக்கு வந்தால் ஒரே கொக்கிக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டேன், சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தேன். குண்டூசி ஒரு நாள் அந்தப் படகில் ஏறத்தான் போகிறாள், ஏறினால் அம்மா கரையில் நின்றுவிடப் போகிறாள், அதை இவள் தன் கையாலேயே பொத்தானை அழுத்திப் பார்க்கப் போகிறாள் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. அப்புறம் நான் செய்ததை நினைத்தால் உனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு, சந்தேகம் வந்தால் முதலில் அடைத்துவிடு, காரணத்தைப் பிறகு தேடு. கைப் பழக்கத்தில் அதையே செய்தேன். இங்கிருந்து சிவப்பு நாடாவை எடுத்துப் போய்க் கருவியைச் சுற்றிக் கட்டி, ஊஞ்சலில் மாட்டுகிற பழுது என்கிற பலகையை அதன் மேல் தொங்கவிட்டு அலமாரி உச்சியில் வைத்தேன்.

குண்டூசி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், பார்த்தாள். பையை வைத்தாள், கையைக் கழுவினாள், வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். தாத்தா, அது பழுது இல்ல, நீங்க பாத்து முடிக்கலன்னாலும் பலகை மாட்டுவீங்க, எனக்குத் தெரியாதா என்றாள். பூங்காவிலேயே வளர்ந்த பிள்ளையிடம் பூங்காக்காரன் வித்தை பலிக்குமா. அவளே தொடர்ந்தாள். வகுப்பில் ஒரு பெண் இதே விளையாட்டை முடித்துவிட்டாளாம், படகில் ஏறினால் வைத்தியக்காரி நின்றுவிடுவாள் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டாளாம். அதுனாலதான் தாத்தா நான் ஏறல, நான் இந்தப் பக்கம் இருக்கற வரைக்கும் அம்மா எங்க கூடதான் இருப்பாங்க என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, கணக்கு சொல்வது போலச் சொன்னாள். இத்தனை வாரமாக மந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். தினமும் சாயங்காலம் வந்து, வீட்டுப்பாடத்தை முடித்து, அடித்த காளானையே அடித்துக்கொண்டு, அம்மாவைக் கூட வைத்துக்கொள்வதற்காக அந்தக் கரையிலேயே சுற்றியிருக்கிறாள். சமையலறை வாசலில் நின்றிருந்த உன் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அவள் என்னைக் கேட்டாள், நீங்க தாண்டிட்டீங்கல்ல தாத்தா, அங்க அம்மா என்ன சொல்லுவாங்க, பின்னாடி வரேன்னு சொல்லுவாங்களா, வரலன்னு சொல்லுவாங்களா. நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் திரும்பவில்லை. பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. வரலன்னுதாம்மா சொல்லுவாங்க, காய்ச்சல்காரங்கள விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லுவாங்க, பையக் கழட்டி உன் தோள்ல மாட்டி விட்டுடுவாங்க என்றேன். கொஞ்ச நேரம் விரலைச் சொடக்குப் போட்டுக்கொண்டு யோசித்தாள். அப்புறம் சொன்னாள், அப்படின்னா ஏறலாம் தாத்தா. வரேன்னு சொல்லிட்டு நின்னாதான் கஷ்டம், ஒவ்வொரு ஊர்லயும் போய்த் தேடிட்டே இருக்கணும். வரலன்னு சொல்லிட்டா பைய எடுத்துட்டுப் போயிடலாம். மகளே, நான் அவளைவிட எத்தனையோ வருஷம் மூத்தவன், அந்த விளையாட்டில் ஊர் ஊராக அந்த வைத்தியக்காரியைத் தேடிக்கொண்டு போனவன் நான்தான், அவளே வரவில்லை என்று என்னிடம் நேராகச் சொன்ன பிறகும்.

நாடாவை அவிழ்த்துக் கொடுத்தேன். உடனே ஏறிவிடுவாள் என்று நினைத்தேன், ஏறவில்லை. ஞாயித்துக்கிழம அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டு ஏறிக்கறேன் என்று மூடி வைத்துவிட்டாள். என்ன கேட்கப் போகிறாள் என்று உன் அம்மா நயமாகக் கேட்டுப் பார்த்தாள், அது எனக்கும் அம்மாவுக்கும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கு இன்னும் இதெல்லாம் தெரியாது. அவரிடம் நீயே பேசு, அதற்கு நடுவில் நான் வரக் கூடாது. இந்தக் கடிதம் வந்து சேர எப்படியும் நாளாகும், அதற்குள் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்காமல் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன், நீ அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இரு. அந்த ரெண்டு வருஷ நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடு, போடாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, உன்னை நம்பி அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், பிரிவையே உன் கையில் கொடுக்கிறார்கள் என்றால் சும்மாவா, அதை நான் பூங்காக் காவல்காரரிடம் வரை சொல்லிப் பீற்றிக்கொண்டாயிற்று. அதில் ஒரு தப்பும் இல்லை. வருகிறாய் என்றால் எந்த மாதம் என்று சொல். வரவில்லை என்றால் வரவில்லை என்று அவளிடம் உன் வாயால் சொல். அழுதால் அழட்டும், நாங்கள் மூன்று பேர் இங்கே இருக்கிறோம். அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று மட்டும் சொல்லாதே, நான் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில், அந்த விளையாட்டு குழந்தைக்குச் சரிப்படும். திருட்டு ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும், கண்ணுக்கு இடை இடையே ஓய்வு கொடுக்க வேண்டும், மற்றபடி நான் ஏறிப் பார்த்துவிட்டேன். மாடி டீச்சரிடமும் சொல்லிவிட்டேன், பிள்ளையைக் கட்டிப் போட்டது கருவி இல்லை டீச்சர், நாங்கதான் என்று. அவர் புரியாமல் பார்த்தார்.

வேறு செய்தி என்றால், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் நீ சொன்ன பயிற்சியைப் பத்து நாள் செய்துவிட்டு இப்போது நிறுத்திவிட்டாள், போனில் அதட்டி வை. மாப்பிள்ளை வண்டிக்கு டயர் மாற்றிவிட்டார். குண்டூசிக்குச் செருப்பு சிறிதாகிவிட்டது, கால் நீளமாகிக்கொண்டே போகிறது, நீ போகும்போது வாங்கிக் கொடுத்ததை இன்னும் தூக்கிப் போட விட மாட்டேன் என்கிறாள். நீ இரவு வேலை முடித்து வரும் நாளில் வெறும் வயிற்றோடு படுக்காதே, ஏதாவது சூடாகக் குடித்துவிட்டுப் படு. நெடுநேரம் நிற்கிற வேலை, காலை உயரமாக வைத்துப் படுக்கப் பழகு. இங்கே எங்களை நினைத்துக் கலங்காதே, கலங்கினாலும் சாப்பாட்டை விடாதே.

நீ நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், உன் கை பட்டவர்கள் எல்லாம் எழுந்து நடக்கும்படி நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, வேலை இருந்தால் மாற்றிக்கொள். அவள் கேட்கும்போது போனைச் சத்தமாக வைக்க மாட்டேன், உன் அம்மாவையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அவள் தனியாகவே கேட்கட்டும். கேட்டு முடித்து வந்தவுடன் அம்மா என்ன சொன்னாங்க என்று நானும் அவளிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். ஏனென்றால் அன்றைக்குப் போனில் உன்னிடம் சரிம்மா என்று சொன்னேனே தவிர, நீ எப்போது வருவாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு
உன் நினைவாகவே இருக்கிற
அப்பா